ஆண் பிள்ளைகளையும் வகுப்பில் உட்கார வையுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், இரு துறைகளின் செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் வேலை பார்த்த ஊர்களில் என் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. நர்சம்மா என்றால் தெரியும். பள்ளிகளில் ஆண், பெண் இருபாலருக்கும் பாலியல் கல்வி வேண்டும் என்று இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால், 'இப்பொருள் அந்தத் துறையைச் சார்ந்தது' என்று குறிப்பெழுதி அனுப்பிவிடுவார்கள். வளரிளம் பிள்ளைகளின் உடல்நலம் பல ஆண்டுகளாக அந்தக் குறிப்பில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டுக்கான அதன் சுருக்க அறிக்கை உங்கள் மேசையிலேயே இருக்கும். மாதவிடாய்க் காலத்தில் சுகாதாரமான முறையைக் கையாளும் 15 முதல் 24 வயதுப் பெண்கள் இங்கே 98.4 விழுக்காடு. நாட்டின் சராசரி 77.3. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இலவச நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2012-இல் தொடங்கியதிலிருந்து அந்த நாப்கின் மூட்டைகளை மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, மழையில் நனையாமல் துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதே அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களில், கணக்கெடுப்பின்போது ஏற்கெனவே தாயாகியிருந்தவர்களும் கருவுற்றிருந்தவர்களும் சேர்த்து 6.3 விழுக்காடு. 2015-16 சுற்றில் இது 5.0 ஆக இருந்தது. நாடு முழுவதும் 7.9-லிருந்து 6.8-க்கு இறங்கிய அதே காலத்தில் நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. 18 வயது நிறைவதற்குள் மணம் முடிக்கப்பட்டவர்களின் விழுக்காடு குறைந்து 12.8-க்கு வந்திருக்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனாலும் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது சிறிய எண் இல்லை. 18, 19 வயதில் சட்டப்படி மணமானவர்களும் அந்த 6.3-இல் அடக்கம் என்று யாராவது சொல்வார்கள். அடக்கம்தான். அதனால் ஏறியது இறங்கியதாக ஆகிவிடாது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நம் அரசு கெட்டிக்கார அரசு. நாப்கின் போகிறது, வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை போகிறது, ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை போகிறது. அந்தப் பொருள் எதற்கு, அதை வாங்கிக்கொள்ளும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை வயதுக்கு வந்தால் என்னென்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டுவார். நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் உளுந்தங்களியும் வேளை தவறாமல் வரும். மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. நெடுஞ்சாலை முனையில் ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் பட்டுப்புடவை கட்டிய அந்தக் குழந்தையின் படம், கீழே மாமன்மார், பங்காளிகள், கட்சிப் பொறுப்பாளர்கள் என்று வரிசையாகச் சிரிக்கும் ஆண்கள். ஊருக்கே தெரிந்துவிட்ட அந்தச் செய்தியின் உட்பொருள் தெரியாத ஒரே ஆள் அந்தக் குழந்தை. பதினொரு வயதில் பூப்பெய்திய ஒரு சிறுமி, சீர் தட்டுகளுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதா நர்சம்மா, தையல் போட வேண்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா, பெரியம்மா, அத்தை, பாட்டி எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். எதைத் தொடக் கூடாது, எங்கே உட்காரக் கூடாது, எந்தப் பையனோடு இனிமேல் பேசக் கூடாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி முடித்திருந்தார்கள். மாதம் ஒரு முறை கருப்பையின் உள்படலம் உதிர்ந்து வெளியே வருகிறது, இது காயம் இல்லை, அடுத்த மாதமும் வரும், முதல் ஓரிரு ஆண்டுகளுக்குத் தேதி முன்பின்னாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்ற நான்கு வாக்கியங்களைச் சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்தச் சடங்கை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. சீர் செய்வதும் செய்யாததும் அவரவர் பாடு. அந்த நான்கு வாக்கியங்களை யார் சொல்வது என்பதே என் கேள்வி.

பள்ளிக்கூடம் சொல்லும் என்பீர்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம், எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் வகுப்பிலேயே பூப்பெய்தும் பெண்களுக்கு அந்தப் பாடம் பரீட்சை எழுதி முடித்த பிறகு ஹால் டிக்கெட் வந்து சேர்ந்த கதை. வரும் பாடத்தையும் எப்படி நடத்துகிறார்கள்? பத்தாம் வகுப்பில் தாவரங்களின் இனப்பெருக்கத்தை ஆசிரியர் செம்பருத்திப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு, மகரந்தத்தைத் தொட்டுக் காட்டி, அனுபவித்து நடத்துவார். அடுத்த பகுதி மனிதர்களைப் பற்றியது என்றதும் குரல் இறங்கும். "இது சுலபமான பகுதி, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்." அப்புறம் அது படம் வரைந்து பாகம் குறிக்கும் மதிப்பெண் வினாவாக மாறிவிடும். கருக்குழாயைப் பென்சிலில் பிசகில்லாமல் வரைந்து, பெயர் குறித்து, முழு மதிப்பெண் வாங்கிய பெண் தனக்கு நாள் தள்ளிப்போனதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் நான்காவது மாதத்தில் என்னிடம் வந்திருக்கிறாள். அந்த ஆசிரியர்களைத் திட்டவும் எனக்கு மனமில்லை. அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? மறுநாள் ஒரு பெற்றோர் வாசலில் வந்து சத்தம் போட்டால் தலைமையாசிரியர் அவர்கள் பக்கம் நிற்பார் என்று யார் உறுதி சொன்னார்கள்?

பெண் பிள்ளைகள் கதையாவது அரைகுறையாக ஓடுகிறது. ஆண் பிள்ளைகளின் கதை தொடங்கவே இல்லை. நாங்கள் பள்ளிக்குப் போய்ப் பேசும் நாளில் முதலில் காதில் விழும் அறிவிப்பு, "பாய்ஸ் எல்லோரும் கிரவுண்டுக்குப் போங்கள்" என்பதுதான். அவர்கள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பதும், உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதி விரட்டுவதும், உள்ளே பெண்கள் வெட்கத்தில் தலை குனிவதும் ஒவ்வொரு முறையும் நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஆண் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? பெண்களின் உடம்பில் ஏதோ கேலிக்குரிய ரகசியம் இருக்கிறது என்பதும், தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்பதும்.

ஆள் இல்லாமலா இருக்கிறார்கள்? எந்த ஊர் பஸ் நிலையத்துச் சுவரையும் பாருங்கள். 'இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா? கைப்பழக்கமா? சொப்பன ஸ்கலிதமா?' என்று கேட்டு, எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் எத்தனை மணிக்குச் சந்திக்கலாம் என்பது வரை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. தூக்கத்தில் விந்து வெளியேறுவது பதினான்கு, பதினைந்து வயதுப் பையனுக்கு இயல்பானது. அதனால் ஒரு சொட்டு ரத்தமும் குறையாது, நரம்பும் தளராது, பின்னாளில் குழந்தை பிறப்பதற்கும் தடை இல்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் விட்ட அந்த ஒரு நிமிடத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. விந்து போவதால் உடம்பு உருகுகிறது என்று பயந்து சோர்ந்துபோகும் ஆண்கள் நம் நாட்டில் இத்தனை பேரா என்று வியந்து, மனநல மருத்துவர் விக் 1960-இல் அதற்குத் தாத் நோய்க்குறி என்று பெயரே வைத்தார். அறுபது ஆண்டு தாண்டியும் லாட்ஜ் வாசலில் கூட்டம் குறையவில்லை. கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த கூலியை லேகியத்துக்குக் கொட்டிவிட்டு, "மாப்பிள்ளையாவதற்கு நான் தகுதியா?" என்று அழுத பையன்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் நர்சம்மாவுக்குத்தான் வந்தது. அவர்களைக் கையாள எனக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. எங்கள் பதிவேடுகள் எல்லாம் தாய், சேய், தடுப்பூசி என்றுதான் தொடங்கும்.

இப்போது லாட்ஜுக்குப் போட்டியாகக் கைப்பேசி வந்துவிட்டது. அதில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு அதுதான் ஆண் பெண் உறவு என்று நம்பும் பையன், ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை கொடுப்பான்? கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறீர்கள். புகார் எழுதிப் போடுவதற்கான பெட்டி. நான் பணியில் இருந்தபோது, ஒத்துழைத்த ஒரு தலைமையாசிரியையின் தயவில், இதைப் போலவே ஓர் அட்டைப்பெட்டி வைத்துப் பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னோம். அன்று மட்டும் பையன்களை மைதானத்துக்கு அனுப்பவில்லை. வந்த சீட்டுகளில் சில இன்னும் நினைவில் இருக்கின்றன. 'ஆண்கள் உட்கார்ந்த சீட்டில் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்தால் கர்ப்பம் ஆகுமா?' 'எனக்கு ஒரு பக்க மார்பு மட்டும் பெரிதாக இருக்கிறது. கேன்சரா?' 'எனக்கு மீசை வரவில்லை. நான் ஆண் இல்லையா?' 'வெள்ளைப்படுவதால் எலும்பு உருகும் என்கிறார் பாட்டி. உண்மையா?' 'மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது, அதனால் ஜன்னல் வழியாகப் போட்டுவிடுகிறேன், மிஸ்ஸிடம் சொல்லாதீர்கள்.' ஒரு சீட்டில் கோணல் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'சித்தப்பா தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் நம்புவாளா?' பெயர் இல்லாத அந்தச் சீட்டுக்கு உரியவளை அடையாளம் காணத் தலைமையாசிரியையும் நானும் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. கண்டுபிடித்தோம், உதவியும் கிடைத்தது. பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பவர்கள் அந்தச் சீட்டை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. தன் உடம்பின் பாகங்களுக்குக் கூச்சமில்லாமல் பெயர் சொல்லத் தெரியாத குழந்தை எந்தக் காவல் நிலையத்தில் எதை எழுதிக் கொடுக்கும்?

எதிர்ப்பு வரும் என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். 2005-இல் மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2007-க்குள் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று மாநிலம் மாநிலமாகக் கதவைச் சாத்தினார்கள். வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009-இல் பள்ளிகளில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. பண்பாட்டுக்கு ஆகாது என்பதுதான் எல்லோருடைய வாதமும். யுனெஸ்கோ உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நேர்மாறாகச் சொல்கிறது: முறையான பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை; பல இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறார்கள். 2024 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்த வழக்கில், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணம் தவறானது என்று எழுதி, முழுமையான பாலியல் கல்விக்கு வழி செய்யச் சொன்னது.

தமிழ்நாட்டுக்குப் பண்பாட்டுப் பாடம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 1930-லேயே குடி அரசு இதழில் கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதினார். பெண்ணின் விடுதலைக்கு அது வேண்டும் என்று வாதாடினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மன்றத்திலேயே தேவதாசி முறைக்கு எதிராக நின்றார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சென்னையில் கண்டறிந்தது டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அடுத்த சில ஆண்டுகளில், 1994-இல், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்து மற்ற மாநிலங்களுக்கு வழி காட்டியது இந்த அரசு. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை நின்றபோது எங்கள் ஊர் டீக்கடையில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், சிரித்தார்கள், அப்புறம் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆணுறை என்ற சொல்லை நான் கூசாமல் சொல்ல முடிந்தது அந்தப் பலகைக்குப் பிறகுதான். பெண் சிசுக் கொலை நடந்த எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் அரசு நுழைந்ததும் அப்படித்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் வந்தபோது, வீட்டு விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அரசு பின்வாங்கவில்லை.

பாடம் நடத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் ஆள் நான் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடப்பது அவளுக்குக் கருத்தடை தெரியாததால் இல்லை. அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கோ பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கோ போய்விடுகிறார்கள். பெண் பாட்டியிடம் இருக்கிறாள். மேல்நிலைப் பள்ளி தொலைவில், பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பஸ்ஸில் ஒரு பையனோடு பேசியதாக யாரோ சொல்கிறார்கள். அவன் வேறு சாதி என்றால் விவகாரம் அன்று இரவே முடிவாகிவிடும். அடுத்த முகூர்த்தத்தில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் அதே கதி. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது இது எப்படிக் கூடியது என்பதை எங்கள் மாவட்டத்துச் செவிலியர் எல்லோரும் பார்த்தோம். திருமணத்துக்குக் கொடுத்த உதவித்தொகையை மாற்றி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் புதுமைப் பெண் திட்டமாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கையில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினீர்களே, 2022 செப்டம்பரில், என் கணக்கில் அதுவும் இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்கும் திட்டம்தான். வகுப்பில் இருக்கும் பெண்ணை மணவறைக்கு அழைத்துப்போவது கடினம். இந்தக் கணக்கு ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் முதலில் படிப்பை நிறுத்துகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு உறவு குற்றம். இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கணவனாக இருந்தாலும் குற்றம்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகளைக் குதறும் மிருகங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும். ஒரு வரியைக்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் களத்தில் நடப்பதைக் கேளுங்கள். பதினேழு வயதில் மணமான ஒரு பெண் ஏழாம் மாதத்தில்தான் முதன்முதலாக என்னிடம் வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். "பதிவு செய்தால் ஆதார் கேட்பார்கள், வயதைப் பார்த்தால் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மாமியார் சொன்னார்" என்றாள். கர்ப்பத்தைப் பதிவு செய்யாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் சிக்கலாகும் என்பதால்தான் அப்போதாவது வந்தாள். இளவயதுத் தாய்க்கு ரத்தசோகையும் கர்ப்பகால வலிப்பும் எடை குறைந்த குழந்தையும் வரும் வாய்ப்பு கூடுதல். அவளுக்குத்தான் முதல் மூன்று மாதத்திலேயே மருத்துவர் வேண்டும். அவளைத்தான் பயம் ஏழு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறது. திருமணமாகாத பெண் என்றால் மருந்துக்கடையில் யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரை, உதிரப்போக்கு, நள்ளிரவில் 108.

இந்த நெருக்கடியை நீதிமன்றங்களும் பார்த்துவிட்டன. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கம் இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதினார். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாள விவரங்களையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இது எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தெரியும்? நான் கேட்ட செவிலியர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு தீர்ப்பு வந்ததையே கேள்விப்பட்டிருக்கவில்லை. சில மருத்துவர்களும் அப்படித்தான். தீர்ப்பு வந்தும் சுற்றறிக்கை எங்கள் வரைக்கும் இறங்கவில்லை என்றால் யாருக்கு லாபம்?

நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. அந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது, சிறுமி கர்ப்பமாக வந்தால் மருத்துவரும் செவிலியரும் வரிசையாக என்ன செய்ய வேண்டும், எதை யாரிடம் சொல்லக் கூடாது என்பதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014 ஜனவரியில் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையிலான ஆண், பெண் இருபாலருக்கும் தனி ஆலோசனை மையம் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. அந்த மையம் காலை பத்து மணிக்குத் திறந்து, பள்ளி விடுவதற்குள் மூடினால் எந்தப் பிள்ளை வரும்? பள்ளி விட்ட பிறகு, வாரத்தில் இரண்டு மாலைகள், தனி வாசல் வழியாக வரும்படி மாற்றுங்கள். சொந்தக்காரர்கள் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான்.

பள்ளிக் கல்வித் துறை ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பத்து வயதில் உடம்பு, சுத்தம், யார் தொடலாம், யார் தொடக் கூடாது. பதினொன்றில் மாதவிடாயும் விந்து வெளியேறுவதும், இரண்டும் இருபாலருக்கும். பதினைந்தில் கருத்தரிப்பு, கருத்தடை, தொற்றுகள், காதல், மறுப்பு, சட்டம். வயதுக்கு ஏற்றபடி. கொஞ்ச நேரம் ஆணும் பெண்ணும் சேர்ந்து, கொஞ்ச நேரம் தனித்தனியாக. அறிவியல் ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒன்றாக நின்று நடத்தட்டும். ஆசிரியருக்கு வகுப்பைக் கட்டத் தெரியும், எங்களுக்குக் கூச்சம் விட்டுப்போய்ப் பல காலம் ஆகிறது. மதிப்பெண் வேண்டாம், படம் வரையவும் வேண்டாம். முதல் வகுப்புக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் அதே பாடத்தை ஒரு முறை நடத்திக் காட்டுங்கள். என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று தெரியாத பெற்றோர்தான் வாசலில் வந்து சத்தம் போடுவார்கள். தெரிந்துகொண்டவர்களில் பலர் கூட்டம் முடிந்து தனியாக வந்து, எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்பார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன். மாணவர் மனசுப் பெட்டியில் புகாரோடு கேள்விக்கும் இடம் கொடுங்கள்; மாதம் ஒரு முறை அதைத் திறந்து, பெயர் கேட்காமல், எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 ஆகியவற்றைப் புத்தகத்தில் அச்சிட்டால் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குப் பேசினால் எதிர்முனையில் யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று வகுப்பிலேயே ஒரு முறை பேசிக் காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. இளவயதுத் திருமணம் கூடுதலாக நடக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோர ஒன்றியங்களில் வரும் ஜூன் மாதமே தொடங்கலாம். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள் இல்லை என்று எந்த அதிகாரியாவது கோப்பில் எழுதினால், தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். என்னைப் போல் ஓய்வு பெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறோம். மதிப்பூதியம் வேண்டாம்; பஸ் செலவும், பேச ஒரு வகுப்பறையும், பையன்களை வெளியே அனுப்பக் கூடாது என்று கையெழுத்திட்ட ஓர் ஆணையும் கொடுத்தால் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.